ஒரே அட்டை, இரண்டு சட்டம்

மண்டபத்திலோ தொண்டியிலோ ஒரு மீனவரின் வலையில் கடலட்டை ஏறிவிட்டால், அதை அங்கேயே கடலில் விட்டுவிட வேண்டும். கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே சட்டப் பாதுகாப்பு அங்கே கடலட்டைக்கும் உண்டு. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பாக்கு நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணத் தீவகத்துக்கு வந்தால், அதே அட்டை கம்பு நட்டு வலை கட்டிய பண்ணைக்குள் வளர்கிறது. அரசு உரிமம் கொடுக்கிறது. ஏற்றுமதி செய்யுங்கள், டொலர் கொண்டுவாருங்கள் என்று ஊக்கமும் கொடுக்கிறது.

இரு கரையிலும் தமிழர் சமையலில் அட்டைக்கு இடமில்லை. ஆனாலும் அட்டைத் தொழில் இங்கே பழையது. சீனச் சந்தைக்காகவே நடந்து வந்தது. பிடித்த அட்டையின் குடலை நீக்கி அவிக்கிறார்கள். பிறகு மணலில் புதைத்து வைத்து, மேல்தோலின் சுண்ணாம்புப் படையை உரசிக் கழுவி, மறுபடியும் அவித்து வெயிலில் காயவைக்கிறார்கள். கையளவு கனத்திருந்தது விரலளவு கருத்துச் சுருங்கும். ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் அதற்குக் கிடைக்கும் விலைதான் இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கும் பின்னால் நிற்கிறது.

விலை மிகுந்தவற்றில் ஒன்று வெள்ளை அட்டை. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, இரவில் வெளியே வந்து மேயும். மண்ணை விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கழித்துவிடும். வயலுக்கு மண்புழு எப்படியோ, சாதாழை படர்ந்த கடலடிக்கு அட்டை அப்படி. மெதுவாக நகரும் உயிர் என்பதால் கையாலேயே பொறுக்கிவிடலாம். அதனாலேயே விரைவில் அழிந்தும் போகும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் வெள்ளை அட்டை ‘அருகிவரும் இனம்’.

இந்தியா இந்த ஆபத்தைப் படிப்படியாகக் கையாண்டது. 1982இல் 3 அங்குலத்துக்குக் குறைந்த உலர் அட்டையின் ஏற்றுமதியைத் தடுத்தது. 2001இல் எல்லா வகைக் கடலட்டையையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்த்தது. அந்த நாளிலிருந்து அட்டை மீன்வளத்துறையின் பொறுப்பிலிருந்து வனத்துறையின் காவலுக்குப் போனது. மீன்வளத்துறை எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்கிடும். வனத்துறை பிடித்தவரைத் தேடும். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் அட்டையையும் சங்கையும் நம்பிக் குளித்த குடும்பங்கள் தொழிலின் ஒரு பாதியை ஒரே அறிவிப்பில் இழந்தன.

இதில் வேதனையான ஒன்று உண்டு. வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உலகில் முதலில் செய்து காட்டியது தூத்துக்குடிதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1988இல் அங்கே அதைச் சாதித்தார்கள். பிறகு வியட்நாமும் பிலிப்பைன்சும் ஆஸ்திரேலியாவும் அந்த வழியை வளர்த்தெடுத்தன. பிறந்த கரையில் மட்டும் அது தொழிலாகவில்லை. தடை வந்தபின், பொரித்த குஞ்சுக்கும் காட்டு அட்டைக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு இல்லாமற் போனது.

தடையால் பிடிப்பது நிற்கவில்லை, இருட்டுக்குள் போனது. தமிழகக் கரையில் பிடிபடும் அட்டை படகேறி இலங்கைக்கு வருவதும், இங்கே உரிமம் உள்ள அட்டையோடு கலந்து சட்டப்படியான சரக்காக ஏற்றுமதியாவதும் இரு நாட்டுக் கடற்படைகளும் அறிந்த வழி. 2015 முதல் 2020 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் கைப்பற்றப்பட்ட அட்டை ஏறத்தாழ 65 டன். கையும் களவுமாகச் சிக்குகிறவர் பெரும்பாலும் படகில் இருக்கும் கூலிக்காரர்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. இங்கே கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் உரிமம் பெற்றுச் சுழியோடி அட்டை பிடிக்கலாம். 2018இல் வடமராட்சி கிழக்கில் தெற்கிலிருந்து வந்த சுழியோடிகள் வாடி அமைத்து அட்டை பிடித்தபோது, மருதங்கேணிப் பகுதிக் கடற்றொழிலாளர் தெருவில் இறங்கினார்கள். உரிமம் எங்கிருந்து வந்தது, யாருக்குக் கொடுக்கப்பட்டது, ஏன் தங்கள் சங்கத்தைக் கேட்கவில்லை என்பதே அவர்களின் கேள்வி.

அந்தக் கேள்வி அடங்குமுன் பண்ணைகள் வந்தன. இவற்றை முன்னின்று நடத்துவது 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ‘நக்டா’ என்ற நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை. அரியாலையில் சீன–இலங்கைக் கூட்டு நிறுவனமொன்று குஞ்சு பொரிப்பகம் நடத்தியது. 2021இல் அதன் பண்ணை கௌதாரிமுனையில் தெரியவந்தபோது அயலூர்ச் சங்கங்கள் எதிர்த்தன. 2022 ஜூனில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், வடக்கிலும் கிழக்கிலும் 5,000 ஏக்கரில் அட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதே ஆண்டு பூநகரியின் கிராஞ்சிக் கரையில் பண்ணைகளுக்கு எதிராகத் தொழிலாளர் நீண்ட நாள் போராட்டம் நடத்தினார்கள்.

பண்ணைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதைத் தள்ளிவிட முடியாது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த அந்த ஆண்டில், எரிபொருள் கேட்காத தொழில் அட்டை வளர்ப்பு. முழங்கால் நீரில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். தீவகத்தில் உள்ளூர் இளைஞர் பலர் அதில் இறங்கி உழைத்தார்கள். குஞ்சு வாங்கக் கடனும் பட்டார்கள்.

எதிர்ப்பவர்களின் கவலையும் கண்ணால் காணக்கூடியது. யாழ்ப்பாணக் களப்பு ஆழமற்றது. அந்த ஆழமற்ற நீரில்தான் இறால் குஞ்சு வளர்கிறது; சிறகுவலையும் களங்கண்டியும் போடுகிறவர் அங்கேதான் பிழைக்கிறார். பெரிய படகு இல்லாதவருக்கு வேறு கடல் கிடையாது. ஓர் ஏக்கருக்கு வலை கட்டினால் ஓர் ஏக்கர் பொதுக் கடல் ஒருவருடையதாகிறது. அடுத்தடுத்துக் கட்டினால் படகு போகும் வாய்க்காலும் அடைபடுகிறது.

இரு நாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதிரெதிரான சட்டங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இந்தியச் சட்டம் உயிரைப் பார்க்கிறது. அதைக் கொண்டு பிழைத்தவரைப் பார்க்கவில்லை. இலங்கைத் திட்டம் ஏற்றுமதியைப் பார்க்கிறது; அந்த நீரில் ஏற்கனவே தொழில் செய்பவரைப் பார்க்கவில்லை. ஒன்றில் முடிவு டெல்லியிலிருந்து அறிவிப்பாக வந்தது, மற்றதில் கொழும்பிலிருந்து ஏக்கர் கணக்காக வந்தது. எந்தக் கரையிலும் ஊர்ச் சங்கத்திடம் முதலில் கேட்கவில்லை.

கேட்பதற்கு இலங்கையில் வழி ஏற்கனவே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம், ஒரு பகுதியை முகாமைத்துவப் பகுதியாக அறிவித்து, அங்குள்ள தொழிலாளரைக் கொண்டே குழு அமைக்க இடம் தருகிறது. வடக்கில் ஊருக்கு ஊர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், அதற்கு மேல் சமாசம், சம்மேளனம் என்று அமைப்பு உயிரோடு இருக்கிறது. எந்தக் களப்பில் எத்தனை பண்ணை, படகு வாய்க்கால் எது, சிறகுவலைப் பாடு எது என்று வரைபடத்தில் குறித்து, சங்கத்தின் ஒப்புதலோடு மட்டுமே நக்டா உரிமம் கொடுக்கவேண்டும் என்று விதி செய்யப் புதிய சட்டம் தேவையில்லை.

இந்தியாவுக்குத் தேவை முழுத் தடையைத் தூக்கி எறிவதன்று. பொரிப்பகக் குஞ்சைக் காட்டு அட்டையிலிருந்து சட்டத்தில் பிரித்து, மீனவர் குழுக்கள் அந்தக் குஞ்சைக் கடலில் விட்டுக் குறித்த அளவு மட்டும் எடுக்க முதலில் ஒரு சிறு பகுதியில் அனுமதிக்கலாம். முறை தூத்துக்குடியில் பிறந்ததுதான். அதைத் தெரிந்த நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. மீனவர் சங்கங்கள் தடையை மறுபரிசீலிக்கும்படி பலமுறை கேட்டுவிட்டன.

மிச்சமுள்ளதை ஒரு நாடு தனியாகச் செய்ய முடியாது. வெள்ளை அட்டையின் குடம்பி மண்ணில் இறங்குமுன் ஏறத்தாழ இரண்டு வாரம் நீரோட்டத்தில் மிதக்கிறது; 1974இலும் 1976இலும் கடலில் கீறிய எல்லையால் அதைத் தடுக்க முடியாது. 2016இல் இரு நாடுகளும் கடற்றொழிலுக்கென ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தன. இழுவைப் படகும் கைதான மீனவரும் அதன் கூட்டங்களை நிறைத்துவிடுகின்றனர். அந்த மேசையில் அட்டைக்கும் ஓர் இடம் வேண்டும்: இரு கரையிலும் ஒரே முறையில் இருப்புக் கணக்கெடுப்பு, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு மூட்டையும் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்ற பதிவு, அந்தப் பதிவை இந்திய அதிகாரிகளும் பார்க்கும் ஏற்பாடு. இவை நடந்தால் கடத்தல் அட்டை யாழ்ப்பாணத்து உரிமத்துக்குள் ஒளிந்துகொள்ளும் வழி குறையும். நேர்மையாக வளர்க்கும் தீவகத்து இளைஞருக்கும் அட்டைக்கு உரிய விலை கிடைக்கும்.