ஒரு மசோதா, இரண்டு அவைகள்

அறந்தாங்கியில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒருநாள், நம் நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டேன். பாதிப் பேர் பெயரைச் சொன்னார்கள். அவர் எந்தச் சட்டத்தைப் பற்றி என்ன பேசினார் என்று கேட்டதும் வகுப்பு அமைதியானது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி மட்டும், "சட்டம் போடுறதுக்கா மேம் அவங்கள அனுப்புறோம்?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சாலை போட்டாரா, கல்யாணத்துக்கு வந்தாரா, கோயில் திருவிழாவுக்குக் கொடுத்தாரா என்பதைக் கொண்டே நம் பிரதிநிதிகளை அளக்கிறோம். ஒரு பிரதியை வாசிப்பதுபோல ஒரு சட்டமியற்றுபவரை வாசிக்க வேண்டுமென்றால் மூன்று கேள்விகள் போதும். எங்கிருந்து வந்தார்? என்ன சட்டம் செய்தார்? யார் பணத்தில் அங்கே போனார்? மூன்றாவது கேள்வியைப் பெண்களாகிய நாம் அநேகமாகக் கேட்பதே இல்லை.

எங்கள் ஊரோடு தொடர்புள்ள ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். 2009 தேர்தலுக்கு முன்புவரை அறந்தாங்கி புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியில் இருந்தது. பிறகு அந்தத் தொகுதியே இல்லாமல் போயிற்று. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சிராப்பள்ளி, கரூர், சிவகங்கை, இராமநாதபுரம் என நான்கு பக்கம் சிதறின. நாங்கள் இராமநாதபுரத்தோடு சேர்ந்தோம். பழைய புதுக்கோட்டைத் தொகுதியிலிருந்து 1996இல் மக்களவைக்குப் போனவர் திருச்சி சிவா. மாணவர் அணியில் வளர்ந்து, நெருக்கடி நிலைக் காலத்தில் மிசாவில் சிறையிருந்த தி.மு.க.காரர். பணக்காரக் குடும்பத்துப் பின்னணியை விட மேடைப் பேச்சும் கட்சி வேலையும்தான் அவரை உயர்த்தின.

அவருடைய பெயர் சட்ட வரலாற்றில் நிற்பது ஒரு வெள்ளிக்கிழமையால். தனிநபர் மசோதாக்களுக்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் நேரம் வெள்ளிக்கிழமைப் பிற்பகல். உறுப்பினர்கள் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடும் நேரம் அது. சுதந்திர இந்தியாவில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன. 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 2015 ஏப்ரல் 24 அன்று, திருநர் உரிமைகளுக்காகச் சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 விழுக்காடு இடஒதுக்கீடு, தேசிய, மாநில ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள் என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. திரும்பப் பெறுங்கள், அரசே சட்டம் கொண்டுவரும் என்று அமைச்சர் கேட்டும் அவர் இசையவில்லை.

மக்களவையில் அந்த மசோதா நிறைவேறவே இல்லை. அரசு கொண்டுவந்த வேறொரு மசோதா 2019இல் சட்டமானது. அதில் இடஒதுக்கீடு கிடையாது. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இலேயே ஏற்றிருந்தது. இந்தச் சட்டமோ மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் கேட்கிறது. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. பெண் மீதான வன்புணர்வுக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். ஓர் உடலைவிட இன்னோர் உடல் மலிவு என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. அந்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிச் சிவா கொண்டுவந்த தீர்மானமும் தோற்றது.

இங்கே நான் நின்று யோசித்தது வேறொன்றை. அறந்தாங்கி மக்களின் வாக்கில் மக்களவையில் இருந்தபோது அல்ல, சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து அனுப்பும் மாநிலங்களவையில் இருந்தபோதுதான் சிவா இந்த மசோதாவைக் கொண்டுவந்தார். அங்கே போக ஊர் ஊராக வண்டி விட வேண்டாம், பந்தல் போட வேண்டாம், பூத்துக்கு ஆள் வைக்க வேண்டாம்.

இதே மண்ணில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியும் நினைவுக்கு வருகிறார். 1926இல் சென்னைச் சட்டசபைக்கு அவர் நியமிக்கப்பட்டவர். யாரிடமும் வாக்குக் கேட்டு, செலவு செய்து போனவரல்லர். தேவதாசி முறைக்கு எதிராக அவர் தொடங்கியது 1929இல் ஒரு சட்டத் திருத்தமாகவும் 1947இல் முழுச் சட்டமாகவும் முடிந்தது. மிகவும் ஒதுக்கப்பட்ட உடல்களுக்காகப் புதுக்கோட்டையோடு தொடர்புள்ள இருவர் பேசினார்கள். பேசிய நேரத்தில் இருவருமே தேர்தல் செலவுக் கணக்குக்கு வெளியே இருந்தவர்கள்.

அப்படியானால் நேரடித் தேர்தலே வேண்டாமா? அந்த முடிவுக்கு நான் வரமாட்டேன். முத்துலட்சுமியின் முயற்சியைத் தேவதாசிப் பெண்களின் சங்கங்களே எதிர்த்து மனு கொடுத்தன. அவர்களுடைய வாக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். வாக்கு நமக்கு வேண்டும். வாக்குக்கும் நமக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும் பணம்தான் வேண்டாம்.

அந்தப் பணத்தின் கணக்கைப் பாருங்கள். மக்களவை வேட்பாளர் தமிழ்நாட்டில் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். கட்சியின் பொதுப் பிரச்சாரச் செலவுக்கு வரம்பே இல்லை. கொடுத்தவர் பெயர் தெரியாமல் கட்சிக்குப் பணம் தரும் தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் செல்லாது என்றது. பட்டியல் வெளியானபோது மிக அதிகம் பெற்றது பா.ஜ.க. என்று தெரிந்தது. சிவாவின் கட்சியான தி.மு.க. தான் பெற்றதாகச் சொன்ன 656.5 கோடியில் 509 கோடி ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. அது ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். இது கட்சியின் கணக்கு, சிவாவின் தனிக்கணக்கு அல்ல. கட்சி தானே முன்வந்து பெயரைச் சொன்னது என்பதும் உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அதற்கு முன்பு லாட்டரிச் சீட்டில் கூலிப் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்த ஆண்களுக்குச் சோறு போட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எங்கோ தோற்றவர்களின் காசு இங்கே கொடியாகவும் ஒலிபெருக்கியாகவும் வருகிறது என்றால், அதை விசாரிக்கும் முதல் உரிமை அவர்களுக்கு உண்டு.

1977 முதல் அறந்தாங்கியிலிருந்து மக்களவைக்குப் போனவர்கள் எல்லோரும் ஆண்கள், தொகுதி மாறிய பிறகும். 2023இல் வந்த பெண்கள் இடஒதுக்கீட்டுச் சட்டம் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு தருகிறது, மாநிலங்களவைக்குத் தரவில்லை. பணம் அதிகம் தேவைப்படும் அவையில்தான் நமக்கு இடம். அந்தப் பணத்துக்கு வழி எதையும் சட்டம் சொல்லவில்லை. அப்போது யாருடைய மனைவி, யாருடைய மகள் என்று பார்த்துத்தான் சீட்டுக் கிடைக்கும்.

நம் கையில் பணம் ஏன் இல்லை? 1989இலேயே மகளுக்குச் சம பங்கு தந்த மாநிலம் இது. ஆனாலும் பதிவு அலுவலகத்தில் அண்ணன் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள்தான் நான். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு. யாரும் மிரட்டவில்லை, "நல்லா இருக்கட்டும்" என்று நானே சொன்னேன். 25,000 ரூபாய் டெபாசிட் கட்டி ஒரு பெண் வேட்புமனு கொடுக்கும் நாளுக்கு வெகு முன்பே, அவளுடைய தேர்தல் இப்படி ஒரு கையெழுத்தில் முடிந்துவிடுகிறது.

அடுத்த வாரம் அந்த மாணவியிடம் பதில் சொன்னேன். "ஆமா, சட்டம் போடத்தான் அனுப்புறோம்." அவள் விடவில்லை. "அப்ப நம்ம ஏன் மேம் போகக் கூடாது?"

முதலில் உன் பங்கை யாருக்கும் எழுதிக் கொடுக்காதே என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.