தனியாள் வேறுபாட்டு அணுகுமுறை: ஒரு திறனாய்வு

தனியாள் வேறுபாட்டு அணுகுமுறை என்பது நுண்ணறிவு, ஆளுமை, ஆர்வம் போன்றவற்றில் மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எவ்வாறு, எந்த அளவுக்கு வேறுபடுகின்றனர் என்பதை அளந்து ஆராயும் உளவியல் அணுகுமுறையாகும். பொது உளவியல் எல்லா மனிதருக்கும் பொருந்தும் விதிகளைத் தேடுகிறது. ஒரே பாடத்தைக் கேட்ட 40 மாணவர்களுள் சிலர் விரைவாகவும் சிலர் மெதுவாகவும் கற்பது ஏன் என்று கேட்பது இவ்வணுகுமுறை.

கல்வி, ஆள்தேர்வு, மருத்துவ உளவியல் ஆகிய துறைகளில் இதன் பயன் பெரிது. ஆயினும் இதைச் சுற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விவாதம் நடந்து வருகிறது. நுண்ணறிவு ஈவு எதை அளக்கிறது, வேறுபாட்டுக்குக் காரணம் மரபா சூழலா, நடத்தையைத் தீர்மானிப்பது பண்பா சூழ்நிலையா என்பவை அவற்றுள் முதன்மையானவை. இம்மூன்றும் வெவ்வேறாகத் தோன்றினாலும் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை. ஒரு குழுவில் ஒருவர் நிற்கும் இடத்தைக் காட்டும் எண்ணை அவரது மாறாத இயல்பாக எடுத்துக்கொள்வதே அக்குழப்பம்.

தோற்றம்

இத்துறையைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன். மேதைமை குடும்பவழி வருவது என்று 1869இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். 1884இல் லண்டன் கண்காட்சி ஒன்றில் அளவை ஆய்வகம் அமைத்துப் பார்வையாளர்களின் பார்வைக் கூர்மை, கேட்கும் திறன், கைவலிமை முதலியவற்றை அளந்தார். இத்தகைய புலன் அளவைகளுக்கும் கல்லூரி மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவு ஏறத்தாழ இல்லை என்று அமெரிக்காவில் கிளார்க் விஸ்லர் 1901இல் கண்டறிந்தார். புலன்களை அளந்து அறிவை அறியும் முயற்சி அத்துடன் தளர்ந்தது.

வேறு வழி கண்டவர் பிரான்சின் ஆல்பிரட் பினே. பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளுக்குத் தனிக் கவனம் தரவேண்டும் என்பதற்காக அவர்களை இனங்காணும் பொறுப்பு அவருக்கு வந்தது. தியோடர் சைமனுடன் இணைந்து 30 வினாக்கள் கொண்ட சோதனையை 1905இல் வெளியிட்டார். 1908ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வினாக்கள் வயதுவாரியாக அடுக்கப்பட்டன. நுண்ணறிவு மாறாத அளவு என்ற கருத்தைப் பினே கடுமையாக எதிர்த்தார். பயிற்சியால் அது வளரும் என்பது அவரது நம்பிக்கை. உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டறிவதோடு அவர் சோதனையின் வேலை முடிந்தது.

நுண்ணறிவு ஈவு

மனவயதை உண்மை வயதால் வகுக்கலாம் என்று ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் 1912இல் கூறினார். அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் 1916இல் அதை 100ஆல் பெருக்கும் முறையைப் பரப்பினார். 10 வயதுக் குழந்தையின் மனவயது 8 எனில் ஈவு 80. இது அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் நிலை. உயரம், எடை போலத் தனித்து நிற்கும் அளவு அன்று.

இந்த வேறுபாட்டை மறந்ததன் விளைவு கொடியது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண்ணின் மனவயது 9 என்று சோதனையில் குறிக்கப்பட்டது. அவருடைய தாயும், கைக்குழந்தையான மகளும் அறிவுக் குறைபாடு உடையவர்களாக முத்திரை குத்தப்பட்டனர். கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் தீர்ப்பளித்தது. கேரி பக்குக்கு அறுவை செய்யப்பட்டது. அவருடைய மகளோ பின்னர்ப் பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்று, 8 வயதில் நோயால் இறந்தார். உதவி செய்யப் பிறந்த சோதனை, பினே இறந்து 16 ஆண்டுகளுக்குள் இத்தகைய செயலுக்குச் சான்றாயிற்று.

சோதனை வினாக்கள் மொழியையும் வாழ்க்கைமுறையையும் சார்ந்தவை என்பது மற்றொரு குறை. எழுத்தறிவு இல்லாதவர்களையும் சோதிக்கும் வகையில் இந்தியாவில் சி. எம். பாட்டியா 1955இல் ஐந்து செயற்சோதனைகள் கொண்ட தொகுதியை வெளியிட்டார். எனினும் படமும் கட்டைகளும்கூடப் பழக்கத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. ஜேம்ஸ் ஃபிளின் 1984, 1987ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் காட்டியது இதைவிட வியப்பானது. பல நாடுகளில் சராசரி மதிப்பெண் தலைமுறைதோறும் உயர்ந்துவந்தது. அமெரிக்காவில் அது 10 ஆண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி. சோதனையை அவ்வப்போது மறுபடி தரப்படுத்துவதால்தான் சராசரி 100ஆகவே நிற்கிறது. இவ்வளவு குறுகிய காலத்தில் மரபணுக்கள் மாறியிருக்க முடியாது.

மரபா, சூழலா?

இவ்விவாதத்தில் சிரில் பர்ட் என்ற ஆங்கிலேய உளவியலாளரின் பெயர் அடிக்கடி வரும். பிரித்து வளர்க்கப்பட்ட ஒரே கருமுட்டை இரட்டையர்களை ஆராய்ந்து, நுண்ணறிவு பெரும்பாலும் மரபால் அமைவது என்றார். இரட்டையர் எண்ணிக்கை 21இலிருந்து 53 இணைகளாகக் கூடியபோதும், அவர் தந்த ஒட்டுறவுக் கெழு 0.771 என்றே மாறாமல் இருந்ததை லியான் காமின் 1974இல் சுட்டிக்காட்டினார். பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய லெஸ்லி ஹெர்ன்ஷா, தரவுகள் புனையப்பட்டவை என்ற முடிவுக்கு 1979இல் வந்தார். பின்னர்ச் சிலர் பர்ட்டுக்காக வாதாடியும் அத்தரவுகள் நம்பிக்கையை மீட்கவில்லை.

பர்ட்டை நீக்கிவிட்டாலும் மரபின் பங்கு மறைந்துவிடாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த இரட்டையர் ஆய்வு முதலியன அதை உறுதிசெய்கின்றன. தவறு அதைப் புரிந்துகொள்வதில் நேர்கிறது. மரபுவழிப் பங்கு 0.5 என்றால், ஒருவரின் அறிவில் பாதி பெற்றோர் தந்தது என்று பொருளில்லை. ஒரு குறிப்பிட்ட குழுவில் காணும் வேறுபாடுகளில் பாதி, மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதே பொருள். மரபியலாளர் ரிச்சர்ட் லெவோண்டின் இதை விதைகளைக் கொண்டு விளக்கினார். ஒரே மூட்டையின் கலப்பு விதைகளை வளமான மண்ணிலும் வளமற்ற மண்ணிலும் விதைத்தால், ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிகளின் உயர வேறுபாடு விதையால் வருவது. இரு பாத்திகளின் சராசரிக்கு இடையிலான வேறுபாடோ மண்ணால் வருவது.

எரிக் டர்க்ஹைமர் குழுவினர் 7 வயது இரட்டையரை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு இதற்கு வலுச்சேர்த்தது. வசதியான குடும்பங்களில் மரபின் பங்கு மிகுதியாகவும், வறிய குடும்பங்களில் ஏறத்தாழ இல்லாததாகவும் இருந்தது. எல்லா நாடுகளிலும் இம்முடிவு ஒரே அளவில் கிடைக்கவில்லை. ஆயினும் மரபின் பங்கு என்பதே சூழலுக்கேற்ப மாறும் எண் என்பது தெளிவாயிற்று.

பண்பா, சூழ்நிலையா?

ஹார்ட்ஷார்ன், மே இருவரும் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளின் நேர்மையைச் சோதித்து 1928இல் முடிவுகளை வெளியிட்டனர். தேர்வில் பார்த்து எழுதும் குழந்தை விளையாட்டிலும் ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை. சூழ்நிலை மாறியபோது நடத்தையும் மாறியது. 1968இல் வால்டர் மிஷெல் இவ்வாதத்தை விரிவாக்கினார். ஆளுமைப் பண்பின் மதிப்பெண்ணுக்கும் குறிப்பிட்ட ஒரு நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவு 0.3 அளவைத் தாண்டுவது அரிது என்றார்.

சீமோர் எப்ஸ்டீன் 1979இல் இதற்கு விடை தந்தார். ஒரு நாள் நடத்தையைக் கொண்டு பண்பைத் தேடக்கூடாது. பல நாள் நடத்தைகளின் சராசரியை எடுத்தால் நிலைத்தன்மை தெரியும் என்றார். இருவர் கூறியதும் உண்மையே. பண்பு என்பது பல சூழ்நிலைகளின் சராசரி. அதைக் கொண்டு நாளை காலை ஒரு குறிப்பிட்ட குழந்தை என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

மதிப்பீடு

தனியாள் வேறுபாட்டு அணுகுமுறையை ஒதுக்கிவிடச் சொல்வது சரியன்று. அளவை இல்லாத இடத்தில் ஆசிரியரின் முன்முடிவும் குடும்பப் பின்னணியுமே குழந்தையை எடைபோடும். நன்கு அமைந்த சோதனை, வகுப்பில் ஒதுங்கியிருக்கும் குழந்தையின் திறனை வெளிக்கொணரக்கூடும். கற்றல் குறைபாட்டை உரிய காலத்தில் காட்டவும் அது உதவும்.

ஆனால் பெயருக்கும் முறைக்கும் இடையே ஒரு முரண் உள்ளது. பெயரில் தனியாள் இருக்கிறார். கணக்கில் இருப்பது குழு. ஸ்டெர்ன் 1911இலேயே இரு வழிகளைப் பிரித்துக் காட்டினார். ஒரு பண்பைப் பலரிடம் ஆராய்வது ஒன்று. ஒருவரிடம் உள்ள பல பண்புகளை ஒருங்கே ஆராய்வது மற்றொன்று. முதல் வழி எண்களும் சோதனைகளுமாகப் பெருகியது. இரண்டாம் வழிக்குக் காலமும் பொறுமையும் தேவை என்பதால் அது பின்தங்கியது.

சோதனை முடிவைப் பெறும் ஆசிரியர் எண்ணோடு நின்றுவிடக் கூடாது. இந்த எண் யாரோடு ஒப்பிட்டது, எந்த மொழியில் எடுத்தது, இதனால் குழந்தைக்குக் கிடைக்கப்போகும் உதவி என்ன என்ற மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். மூன்றாவது வினாவுக்கு விடை இல்லையெனில் அச்சோதனையை நடத்த வேண்டிய தேவையும் இல்லை.