பத்தாயிரம் டாலர் படம், ஒன்றரை லட்சம் டாலர் பாட்டு

சம்பளச் செக்கை மாற்றிய காசில் ஒரு பழைய கார் எஞ்சின் வாங்கியாகிவிட்டது. ஸ்டானும் அவன் சிநேகிதனும் மூச்சுவாங்க அதை மாடிப்படி வழியாக இறக்குகிறார்கள். வண்டியின் பின்தட்டு விளிம்பில் ஏற்றும்போது சிநேகிதனின் விரல் நசுங்குகிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்களேன் என்று பார்க்கிற நமக்கு வாய்வரை வருகிறது. அவர்களுக்கோ தெம்பு தீர்ந்துவிட்டது, இப்படியே இருக்கட்டும் என்று கிளம்புகிறார்கள். மேட்டில் வண்டி நகர்ந்ததும் எஞ்சின் சரிந்து விழுந்து உடைகிறது. இறங்கிப் பார்க்கிறார்கள். இனி அது காயலான் கடைக்குத்தான். திட்டுவதில்லை, அழுவதில்லை, ஏறிப் போய்விடுகிறார்கள். கேமரா வண்டியின் பின்தட்டில் இருந்தபடியே, நடுத்தெருவில் கிடக்கும் அந்த இரும்பு சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்கிறது.

சார்ல்ஸ் பர்னெட் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தின் காட்சி இது. களம், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதி. அன்று கறுப்பினத் தொழிலாளிகள் வாழ்ந்த இடம். 1965 ஆகஸ்டில் நடந்த கலவரத்தில் 34 பேர் செத்த பிறகுதான் வெளியுலகம் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டது. 1944இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த பர்னெட் சிறுவயதிலேயே வாட்ஸுக்கு வந்து அங்கேயே வளர்ந்தவர். படத்தில் கலவரம் இல்லை, போலீஸ் வேட்டையும் இல்லை. ஸ்டான் ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கிறான். ராத்திரி தூக்கம் வருவதில்லை. மனைவியிடம் முகம்கொடுத்துப் பேச முடிவதில்லை. கதை என்று கேட்டால் அவ்வளவுதான்.

குறைந்த செலவில் எடுத்த படங்களைப் பாராட்டும்போது நாம் கொஞ்சம் கருணை மதிப்பெண் சேர்த்துப் போடுவது வழக்கம். ‘இந்தப் பணத்துக்குள் இவ்வளவு செய்திருக்கிறாரே’ என்று. இந்தப் படத்துக்கு அந்தக் கருணை வேண்டியதில்லை. பத்து மடங்கு பணம் கொடுத்திருந்தால் கெட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பர்னெட் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கல்வி முடிக்க ஆய்வேடுபோலக் கொடுக்க வேண்டிய படம் அது. 16 எம்எம் கறுப்பு வெள்ளை. மொத்தச் செலவு 10,000 டாலருக்கும் குறைவு. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு எல்லாம் ஒரே ஆள். எல்லாருக்கும் வேறு பிழைப்பு இருந்ததால் படப்பிடிப்பு வாரக்கடைசிகளில் மட்டும். நடித்தவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துக்காரர்கள். ஒலிக்கருவி பிடிக்கவும் தெருப் பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டார். கதாநாயகனாக முதலில் நினைத்திருந்தவர் ஜெயிலில் இருந்தார். பரோல் இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்து அலுத்த பிறகு, வியட்நாம் போரில் இருந்து திரும்பிய ஹென்றி ஜி. சாண்டர்ஸ் ஸ்டான் ஆனார். இன்று அந்தத் தோளையும் கண்ணையும் தவிர வேறு யாரையும் அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை. ஆட்டுத்தொட்டிக் காட்சிகளுக்கு மட்டும் வடக்கே வலேஹோ வரை போக வேண்டியிருந்தது. இப்படி இழுத்து இழுத்து 1977இல்தான் படம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

பார்க்கிறவர்களில் பலர் இதை ஏதோ தெருவில் கேமராவை வைத்துவிட்டு நடந்ததைப் பிடித்த படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பர்னெட் ஒவ்வொரு காட்சியையும் முன்பே வரைந்துவைத்து எடுத்தவர். பையன்கள் ஒரு மொட்டைமாடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் காட்சியைப் பாருங்கள். கேமரா கீழே, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கிறது. வானத்தின் ஒரு கீற்று. அதைக் குறுக்கே கடந்து போகும் கால்கள். அந்த இடத்தில் கேமராவை வைக்க வேண்டும் என்று தெரிவதற்குக் காசு தேவையில்லை. அந்தச் சந்தில் விளையாடி வளர்ந்திருக்க வேண்டும், அல்லது வளர்ந்தவர்களோடு நெடுநாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஸ்டான் ஒரு சூடான தேநீர்க் கோப்பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணோடு இருக்கும்போது வருகிற வெதுவெதுப்பு இது என்கிறான். சிநேகிதன் சிரித்துக் கேலி செய்கிறான். வேறு படமாக இருந்தால் அந்த இடத்தில் இசை எழும்பும். இங்கே அவன் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறான். ‘நான் ஏழையில்லை, சேவை அமைப்புக்குப் பழைய சாமான் தானம் கொடுக்கிறேனே’ என்று அவன் ரோஷத்தோடு வாதாடும் இடமும் அப்படித்தான். நம் ஊர்த் திண்ணைகளில் கேட்ட குரல்.

இந்தப் படத்தின் உயிர் என்று ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால் யாரும் அந்த நடனத்தைத்தான் சொல்வார்கள். வெளிச்சம் விழும் ஒரு ஜன்னல். அதன் முன்னே சட்டையில்லாமல் ஸ்டானும், அவன் மனைவியாக வரும் கேசி மூரும். டைனா வாஷிங்டன் 1960இல் பாடிய ‘திஸ் பிட்டர் எர்த்’ ஒலிக்கிறது. இருவரும் ஒட்டி நின்று மெல்லச் சுழல்கிறார்கள். வெட்டே இல்லை. அவள் கை அவன் முதுகில் அலைகிறது, எதையோ தேடுகிற மாதிரி. அவன் உடம்பு இருக்கிறது, அவன் இல்லை. பாட்டு முடிகிறது, அவன் விலகி நடந்துவிடுகிறான். அவள் ஜன்னலோடு தனியாக நிற்கிறாள். அவள் கோபிக்கவும் முடியாது, யார் மேல் கோபிப்பாள்? ஒரு தாம்பத்தியம் எங்கே வந்து நிற்கிறது என்பதை ஒரு இசைத்தட்டு ஓடும் நேரத்துக்குள் சொல்லிவிட்டார் பர்னெட். வாழ்க்கை கசப்புத்தான், ஆனாலும் எதற்கோ பயன்படுமா என்று பாடுகிற அந்தக் குரல் இல்லாவிட்டால் அவளுடைய கையின் தவிப்பு பாதிதான் புரியும்.

அந்தக் குரல்தான் படத்தைப் பூட்டியும் வைத்தது.

தான் கேட்டு வளர்ந்த தட்டுகளையே பர்னெட் படம் முழுக்கப் போட்டிருந்தார். பால் ராப்ஸன், லூயி ஆம்ஸ்ட்ராங், லிட்டில் வால்டர், எர்த் விண்ட் அண்ட் ஃபயர், நடுவே ரக்மானினஃப். ஸ்டானின் சின்ன மகள் பொம்மையோடு உட்கார்ந்து எர்த் விண்ட் அண்ட் ஃபயர் பாட்டை வார்த்தை வார்த்தையாகத் தப்பாகப் பாடும் காட்சி ஒன்று உண்டு. நான்கு வரி வசனத்துக்கு அது சமம். கல்லூரிக்குக் கொடுக்கும் படத்துக்கு யார் அனுமதி கேட்கப் போகிறார்கள்? ஆனால் தியேட்டரில் ஓட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு கதவைத் தட்ட வேண்டும். மெட்டும் வரியும் எழுதியவர்களின் உரிமை ஒரு பதிப்பகத்திடம் இருக்கும்; பதிவான ஒலிக்கான உரிமை இசைத்தட்டு நிறுவனத்திடம். பாட்டு யாருக்குச் சொந்தம் என்கிற பஞ்சாயத்து தமிழ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. அங்கே அந்தப் பஞ்சாயத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 1,50,000 டாலர். படம் எடுக்க ஆனதைப்போல் பதினைந்து மடங்கு.

அந்த உரிமைகள் கைக்கு வரும்வரை முப்பது வருஷம் படம் எப்படிப் பிழைத்தது? 16 எம்எம் பிரதிகளாக, கல்லூரிகளிலும் அருங்காட்சியகங்களிலும் சுற்றியது. 1981இல் பெர்லின் விழாவில் விமர்சகர் பரிசு வாங்கியது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. தேசத்தின் சொத்து என்று முத்திரை விழுந்த பிறகும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வழியில்லை! கேள்விப்பட்டவர்கள் அதிகம், பார்த்தவர்கள் குறைவு என்கிற அந்த விசித்திரப் புகழ் நல்ல படங்களுக்கு அடிக்கடி வாய்த்துவிடுகிறது.

கடைசியில் பர்னெட் படித்த பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் ராஸ் லிப்மன் பிரதியைச் செப்பனிட்டு 35 எம்எம்முக்குப் பெருக்கினார். மைல்ஸ்டோன் ஃபிலிம்ஸ் என்ற சிறிய விநியோக நிறுவனம் வருஷக்கணக்கில் பாட்டு உரிமைகளைத் துரத்தியது. இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் பணம் கொடுத்து உதவினார். 2007 மார்ச்சில் நியூயார்க்கில் படம் முறையாக வெளியானது. தெருவே சேர்ந்து எடுத்த படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோகவும் இத்தனை பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. விநியோகமும் ஒரு கைத்தொழில்தான். மைல்ஸ்டோன்காரர்களின் பொறுமையை நான் பர்னெட்டின் பொறுமைக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் மசியவில்லை. இறுதிக் காட்சியில் ஆடுகள் வெட்டுக்குப் போகும்போது டைனா வாஷிங்டனின் ‘அன்ஃபர்கெட்டபிள்’ ஒலிக்க வேண்டும். அனுமதி கிடைக்காததால் 2007 பிரதியில் அந்த இடத்தில் ‘திஸ் பிட்டர் எர்த்’ மறுபடி வந்தது. 2025இல் வெளிவந்த புதிய செப்பனிட்ட பிரதியில் அசல் பாட்டு திரும்பிவிட்டது. காதல் பாட்டின் குழைவோடு ஆடுகள் நடப்பதில் ஒரு கூர்மையான முரண் இருக்கிறது. பர்னெட் கேட்டது அதைத்தான். இருந்தாலும் நான் வேறு கட்சி. மாற்றுப் பிரதியில், ஜன்னலருகே நின்ற மனைவியையும் சேர்த்து அந்தப் பாட்டு ஆட்டுத்தொட்டிக்குள் அழைத்து வந்துவிடுகிறது. ஸ்டான் ஏன் அன்று விலகிப் போனான் என்பது அப்போதுதான் உறைக்கிறது. இனி எல்லா இடத்திலும் அசலைத்தான் போடுவார்கள், போடவும் வேண்டும். என்னிடம் இருக்கும் பழைய டிவிடியை மட்டும் யாருக்கும் இரவல் கொடுப்பதாக இல்லை.