கரமனையாறு: தம்ளர் முதல் தர்ப்பணம் வரை

கங்கையின் பக்கத்தில் நிறுத்தினால் கரமனையாறு வெறும் வாய்க்கால்தான். அகத்தியமலைத் தொடரில் பிறந்து, 68 கிலோமீட்டர் ஓடி, கோவளத்துக்கு வடக்கே அரபிக்கடலில் சேர்ந்துவிடுகிறது.

ஆனால் திருவனந்தபுரத்துக்காரரின் தம்ளரில் இருப்பது பெரும்பாலும் இதன் தண்ணீர். 1933இல் அருவிக்கரையிலிருந்து குழாய்வழி நகருக்கு வந்தது. 1983இல் மேலே பேப்பாறையில் அணை எழுந்தது. அருவிக்கரை பகவதி கோயிலுக்கு வருபவர்கள் ஆற்றுமீன்களுக்கு இரை போடாமல் திரும்புவதில்லை.

ஆறு நகருக்குள் வந்ததும் கரையோரக் கரமனை அக்ரகாரத்தில் தமிழ்க் குடும்பங்கள். நீலகண்ட சிவன் வாழ்ந்து கீர்த்தனைகள் இயற்றியதும் இங்கேதான்.

பிறகு நகரத்து அழுக்கைச் சுமந்து கிள்ளியாறு வந்து கலக்கிறது. அதனாலென்ன, கர்க்கடக வாவு, அதாவது ஆடி அமாவாசை அன்று திருவல்லம் பரசுராமர் கோயிலில் பலிதர்ப்பணக் கூட்டம் கரைகொள்ளாது.