வேலியோரத்து வெருகும் மடிமீது பூனையும்

மனிதனோடு ஒரே கூரையின்கீழ் வாழும் விலங்குகளுள் பூனையைப்போல முரண்பட்ட மதிப்பீடுகளுக்கு உள்ளானது பிறிதொன்றில்லை எனலாம். வலிகாமம் கிழக்கில் அமைந்த புத்தூரிலும், அதன் அயலிலுள்ள ஆவரங்கால், சிறுப்பிட்டி முதலிய ஊர்களிலும் அது எலிக்குப் பகையாகவும் அடுப்பங்கரையின் செல்லப் பிராணியாகவும் ஒருங்கே வாழ்கின்றது. பகலிற் குசினியில் உறங்கும் பூனை, பொழுது சாய்ந்ததும் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து தோட்டத்தை அடைகின்றது. அத்தகைய பூனை, மடியிற் கிடந்து தடவலை ஏற்றுக்கொண்டிருக்கும்போதே, ஒருநாள் திடீரெனத் திரும்பித் தடவிய கையைக் கடித்துவிடுகின்றது. ‘பால் வார்த்த கையையே கடிச்சிட்டுது’ என்கின்றனர் வீட்டார். இவ்வொரு வாக்கியத்தால், கடி என்னும் செயல் நன்றிகேடு என்னும் குற்றமாகிவிடுகின்றது. சாக்கிற் கட்டப்பட்டு அயலூர்ச் சந்தையடியிற் கொண்டுபோய் விடப்படுதலே அக்குற்றத்திற்குரிய வழமையான தண்டனை. இத்தீர்ப்பை வழங்குவது வீட்டாரின் கோபம் மட்டுமன்று. தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய கதைகளுக்கும் வழக்குகளுக்கும் அதிற் பங்குண்டு என்பது ஆராயத்தக்கது.

பூனையைக் கபட வேடத்திற்கு உருவகமாக்கும் மரபு மிகப் பழையது. வழக்குத் தீர்க்கவந்த முயலையும் பறவையையும் அறம் பேசி அருகழைத்து உண்ட பூனையைப் பஞ்சதந்திரம் காட்டுகின்றது. மாமல்லபுரத்திலே, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பமான ‘அருச்சுனன் தபசு’ப் பாறையில், முன்னங்கால்களை உயர்த்தித் தவம் புரியும் பூனையும் அதனைச் சூழ்ந்த எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. ‘உருத்திராக்கப் பூனை’ என்ற தொடர் இன்றும் மேடைகளிற் கேட்கின்றது. ‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’ என்பதிலும் பூனை நம்பத்தகாத தரப்பாகவே நிற்கின்றது.

இவை யாவும் அங்கதங்கள் என்ற வகையிற் சிறந்தவையே. போலித் துறவியைச் சாடுவதற்குப் பூனை நல்லதோர் ஊடகம். ஆயின் இவற்றில் ஒரு குறை உண்டு. உவமேயமாகிய மனிதனுக்குரிய பழி உவமானமாகிய விலங்கின்மேல் மெல்லப் படிந்துவிடுகின்றது. எலி வளையின் முன் அசையாது அமர்ந்திருத்தல் பூனைக்குத் தவமுமன்று, வேடமுமன்று. அஃது அதன் வேட்டைமுறை. கபடம் புரிவோனிடத்து வெளித்தோற்றமொன்றும் உள்ளமொன்றுமாக இரண்டு இருத்தல் வேண்டும். பூனையிடத்து அவ்வாறு இரண்டில்லை. கதைகளின் பூனையை உண்மைப் பூனையாகக் கொண்ட வாசகனே, தன் கையிற் பட்ட கடியைத் துரோகமாகக் காண்கின்றான்.

இதற்கு மாறான பார்வையைச் சங்க இலக்கியம் தருகின்றது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய இரு செய்யுள்கள் இங்கு நோக்கற்பாலன. 220ஆம் பாடலில், கார்காலத்துத் தலைவனை எதிர்நோக்கியிருக்கும் தலைவியின் கூற்றிலே, முல்லையின் இளமுகை வெருகின் நகைப்புக்கு ஒப்பிடப்படுகின்றது. 139ஆம் பாடலில், தலைவனுக்கு வாயில் மறுக்கும் தோழியின் கூற்றிலே, மாலைப்பொழுதில் வேலியோரம் வந்த வெருகுகளைக் கண்டு அஞ்சிய வீட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூவியழைக்கின்றது. ஒன்றில் அழகிற்கு உவமையாகிய வெருகு, மற்றொன்றில் அச்சத்திற்குக் காரணமாகின்றது. முதற் பாடலில் நகைப்பாகக் கொள்ளப்பட்டதும் பல் வெளித்தோன்றும் நிலையே என்பது கருதத்தக்கது. முல்லையரும்பாகத் தோன்றிய அதே பல்தான் கோழியை அஞ்சச் செய்கின்றது. எனினும் ஈரிடத்தும் புலவர் வெருகை நல்லதென்றோ தீயதென்றோ கூறினாரல்லர்.

வெருகு காட்டுக்குரியது, பூனை வீட்டுக்குரியது, ஆதலின் இவ்விரண்டையும் ஒப்பிடலாகாது என்று ஒருவர் தடை எழுப்பலாம். தொல்காப்பிய மரபியலோ வெருகைப் ‘பூசை’ என வழங்குதலை ஏற்றுக்கொள்கின்றது. அம்மரபியலை உள்ளடக்கிய பொருளதிகாரத்தை 1885இற் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, புத்தூரின் அயலூரான சிறுப்பிட்டியிற் பிறந்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. மரபியல் கூறுவது சொல்வழக்கேயன்றி விலங்கியலன்று. ஆயினும் வீட்டுக்கும் காட்டுக்குமிடையே பழந்தமிழர் எழுப்பிய வேலி, பொட்டுள்ள வேலியே என்பதை அது உணர்த்துகின்றது.

விலங்கியலும் இதனை மறுக்கவில்லை. வீட்டுப்பூனை, ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனையினமொன்றின் வழிவந்தது. தானியக் களஞ்சியத்து எலிகளைத் தேடி மனிதனை அண்டியது. சார்ள்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலிலே, சினந்த பூனையின் பதுங்கிய உடலையும் சுழலும் வாலையும், அன்பு காட்டும் பூனையின் வளைந்த முதுகையும் நிமிர்ந்த வாலையும் எதிரெதிர் நிலைகளாக விளக்கினார். ஜேர்மானிய அறிஞர் போல் லைஹவுசன், பூனையின் வேட்டையுணர்வு பசியை மட்டும் சார்ந்ததன்று எனக் காட்டினார். பால் வார்ப்பதனால் அவ்வுணர்வு அடங்கிவிடுமென எதிர்பார்த்தல் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

மடியிற் கிடந்த பூனையின் கடியும் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வருவதன்று. வால் நுனி துடித்தல், செவி பின்னோக்கிப் படிதல், முதுகுத்தோல் சிலிர்த்தல், தொண்டையொலி நின்றுபோதல் என்பன ‘போதும்’ என அது கூறும் மொழி. வேலிக்கப்பால் அயற் கடுவனைக் கண்டு கொதித்த பூனை, அவ்வேளையிற் தன்னைத் தொட்டவரைக் கடிப்பதுமுண்டு. குட்டியீன்ற தாய் அணுகவிடாது. என்றும் சாதுவாயிருந்தது திடீரென மாறின் பல்நோவோ மூட்டுநோவோ காரணமாகலாம். குட்டிப் பருவத்தில் விரல்களை விளையாட்டுப் பொருளாகக் கொடுத்து வளர்த்த வீட்டில், வளர்ந்த பூனை விரலைக் கடிப்பது கற்ற பாடத்தை ஒப்பித்தலேயாகும்.

நன்றிகேடு என்ற சொல் இவ்வறிகுறிகள் அனைத்தையும் மறைத்துவிடுகின்றது. பூனையைக் குழந்தையாகவே பாவிக்கும் செல்லமும் இதே தவற்றை மறுபுறமிருந்து செய்கின்றது. ‘எங்கடை பூனைதானே’ எனக் கடியைப் பொருட்படுத்தாது விடுவோர், பூனையும் நீர்வெறுப்பு நோயைப் பரப்பவல்லது என்பதை மறக்கின்றனர். பூனைப்பல் நுண்ணியதாயினும் ஆழமாகப் பாய்வது. காயம் சிறிதாகத் தோன்றினும் சீழ்ப்பிடிக்கும். ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதலே முறை. நன்றிகேடென வெறுப்போர் பூனையை இழக்கின்றனர். குழந்தையெனக் கொஞ்சுவோர் சிலவேளை தம் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

நன்றி என்னும் அளவுகோலை எடுத்துக்கொண்டால், அதனை இருபுறமும் நீட்டிப் பார்த்தல் வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, உயிரையும் கைப்பொதியையும் அன்றிப் பிறிதொன்றையும் காத்தற்கு அவகாசமிருக்கவில்லை. வளர்ப்பு விலங்குகள் பின்தங்கின. அதனை எவரும் மனிதரின் நன்றிகேடென்று கூறார்; கூறவும் கூடாது. அச்சத்தின்முன் உயிர் செய்வதை அவர்கள் செய்தனர். வெறுமையான வீடுகளிற் பூனை எலி பிடித்து உயிர்வாழக் கூடுமாயின், அது கடிக்கும் அதே பல்லின் துணையாலேயாகும். மனிதருக்கு வழங்கப்படும் இவ்விளக்கம், மடியில் மிரண்டு கடித்த சிற்றுயிருக்கு மட்டும் மறுக்கப்படுவது நீதியாகாது.

ஒழுக்கக் கதைகளின் பூனையைக் கைவிடுதல் வேண்டுமென்பது இதன் கருத்தன்று. அவை மனிதரைப் பற்றிய கதைகள் என்று உணர்ந்து படித்தல் வேண்டும் என்பதே கருத்து. பூனையை அறிதற்கு மாசாத்தியாரின் இரு பாடல்களையும் ஒருங்கே வைத்துப் படிப்பதே தகும். முல்லையரும்பை மட்டும் கண்டவன் கையிற் காயம் படுகின்றான்; வேலியோரத்து அச்சத்தை மட்டும் கண்டவன் சாக்கைத் தேடுகின்றான். இரண்டையும் கண்டவனோ, வால் நுனி துடிக்கத் தொடங்கும்போதே கையை எடுத்துக்கொள்வான்.