பத்தி காட்டும் சாட்சி

வீட்டில் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தயாரித்த இடம் 'பத்தி, சோலன் மாவட்டம், இமாச்சலம்' என்று பொடி எழுத்தில் இருக்க நிறையவே வாய்ப்புண்டு. ஊதுபத்தி அல்ல, ஊர். 2003 ஜனவரியில் வாஜ்பாய் அரசு இமாச்சலத்துக்கும் உத்தராஞ்சலுக்கும் (இன்றைய உத்தராகண்ட்) அறிவித்த பத்தாண்டுக் கலால் வரி விலக்கில் கொழுத்த ஊர்.

2021-இல் ஜம்மு காஷ்மீருக்கு 28,400 கோடி ரூபாய், 2024 மார்ச்சில் வடகிழக்குக்கு 'உன்னதி' என்ற பெயரில் 10,037 கோடி என்று மத்திய அரசு தொழில் ஊக்கத் திட்டங்களை அடுத்தடுத்து அறிவித்தபோது, ஆதரித்தவர்கள் காட்டிய சாட்சி பத்தியும் உத்தராகண்டின் பந்த்நகரும்தான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட முடியாது.

வேலை கிடைத்தது, மறுக்கவில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல்களாக இருந்த பந்த்நகரில் பஜாஜ், டாடா, அசோக் லேலண்ட் ஆலைகள் நிற்கின்றன. மலை மாநிலத்துக்குப் போக்குவரத்துச் செலவு கூடுதல், அதை தில்லி ஈடுகட்டுவது நியாயமே.

ஆனால் அந்த ஈடு எந்த வடிவில் போனது? 2005-இலிருந்து மருந்துக்குக் கலால் வரி, அட்டையில் அச்சிட்ட விலையை வைத்துக் கணக்கிடப்பட்டது. 50 ரூபாய் அச்சிட்ட அட்டையில் 40 சதவீதம் கழிவு போக 30 ரூபாய்க்கு 16 சதவீதம், அதாவது 4 ரூபாய் 80 காசு, செஸ் தனி. அதே அட்டையைப் பெரிய கம்பெனிக்குப் பத்து ரூபாய்க்குத் தயாரித்துக் கொடுக்கும் சிறு ஆலைக்காரர் எங்கே போவார்? பத்தியில் அந்த வரி பூஜ்யம். நல்ல சாலை, தேர்ந்த தொழிலாளி, பக்கத்தில் துறைமுகம் எதைக் கொடுத்தாலும் அந்த 4 ரூபாய் 80 காசோடு போட்டி போட முடியாது. சந்தை வளர்ந்துகொண்டிருந்ததால் கொஞ்சம் புதிய உற்பத்தியும் சேர்ந்தது. மற்றதெல்லாம் நாட்டின் ஒரு மூலையில் இருந்ததை இன்னொரு மூலையில் கொண்டுபோய் வைத்ததுதான். ஓசூர் டிவிஎஸ் இமாச்சலத்தின் நாலாகட்டில் ஆலை போட்டது. பந்த்நகரில் பஜாஜ் ஆலை திறந்த அதே 2007-இல் புணேயின் ஆகுர்டி ஆலையில் உற்பத்தி நின்றது. உள்ளூர் வரிச்சுமையும் ஒரு காரணம்தான்; ஆனால் பூஜ்ய வரி எதிரே கைகாட்டும்போது மற்றக் காரணங்களுக்கு எவ்வளவு எடை?

எனக்கு நெடுநாளாக உள்ள குறை இதைவிடப் பெரியது. சலுகை மலைக்கென்று அறிவிக்கப்பட்டது; இறங்கியது சமவெளியில். விலக்கு பெறும் நிலங்களைக் கஸ்ரா எண் வாரியாக, நம்மூரில் சர்வே எண் என்போமே அப்படி, அரசாணையின் பின்னிணைப்பில் பட்டியலிட்டார்கள். ஆலைகள் எங்கே குவிந்தன? பத்தி ஹரியானா எல்லையை ஒட்டிய அடிவாரம். பந்த்நகரும் ஹரித்வாரும் தட்டையான நிலம். வரைபடத்தில் கோட்டைத் தாண்டி ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தால் விலக்கு கிடைத்துவிடும் என்றால், முதலாளி ஏன் மலை ஏறுவார்? 2001-க்கும் 2011-க்கும் இடையே நாட்டின் மக்கள்தொகை 17 சதவீதத்துக்கு மேல் கூடியது; உத்தராகண்டின் பௌரி, அல்மோரா மாவட்டங்களிலோ அது குறைந்தது. யார் பெயரில் வரி தள்ளுபடி ஆனதோ அவர்கள் ஊரைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

அரசுக்கும் இது தெரியாததல்ல. கட்ச் பூகம்பத்துக்குப் பிறகு கொடுத்த விலக்கிலும், வடகிழக்கில் கொடுத்ததிலும் முறைகேடு நடப்பதைப் பார்த்து, 2008-இல் உண்மையான மதிப்புக் கூட்டலுக்கு மட்டுமே வரி திரும்பும் என்று தானே சுருக்கிக்கொண்டது. கம்பெனிகள் வழக்காடின, 2020-இல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது சரி என்றது. அந்த வழக்குக் கட்டுகளைப் படித்தவர்கள் இருக்கும் தில்லியிலேயே, கட்டும் ஜிஎஸ்டியோடு முடிச்சுப் போட்டு மறுபடியும் ஊக்கத்தொகை எழுதுகிறார்கள்.

ஓசூரும் பின்தங்கிய பகுதி என்ற சலுகையில் வளர்ந்ததுதானே என்று கேட்பார்கள். வளர்ந்தது. அங்கே முதலில் வந்தது சிப்காட்டின் மனையும் சாலையும் மின்சாரமும். கூப்பிடு தூரத்தில் பெங்களூரின் பட்டறைகள் இருந்தன. மானியம் அதன்மேல் தூவிய உப்பு. உப்பையே சோறாகப் போடும் திட்டத்துக்கு ஓசூரைச் சாட்சிக்கு அழைப்பது அழும்பு.

'உன்னதி'யில் மாவட்டங்களை இரண்டு மண்டலமாகப் பிரித்து, பின்தங்கியதற்குக் கூடுதலாகத் தருகிறார்கள். முன்பைவிடப் புத்திசாலித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாகாலாந்தில் திமாப்பூர் சமவெளியில் இருக்கிறது, ரயில் நிற்கிறது. மோன் மியான்மர் எல்லை மலையில் இருக்கிறது, ரயில் கிடையாது. மனை கேட்டு விண்ணப்பிக்கிறவர் படிவத்தில் எந்த ஊரை எழுதுவார்?