ஒரு துளையின் மூன்று மரபுகள்

ரைபிள் பேரலின் பக்கவாட்டில் கோணி ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. குண்டு அதைத் தாண்டியதும், பின்னால் துரத்தி வரும் வெடிவாயுவில் கொஞ்சம் அந்தத் துளைக்குள் புகுந்துவிடும். வெற்றுக்கூட்டை எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்ற அந்தக் கொஞ்சமே போதும். பேரல் ஒரு சங்கதி, கேஸ் அமைப்பு வேறொரு சங்கதி என்று பிரித்துப் பேசுவது வழக்கம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான்; துளை எங்கே விழுகிறது என்பதில் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

நீள ஓட்டப் பிஸ்டன்தான் முதல் மரபு. பிஸ்டனும், தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டை இழுக்கும் பாகமும் ஒன்றாகவே போய்வரும். 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1 காரண்ட் இந்தக் குடும்பம். கனடாவில் பிறந்த ஜான் காரண்ட் முதலில் பேரலில் துளையே போடவில்லை. வாய் முனையில் மூடி போட்டு வாயுவைப் பிடித்தார். சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டு, முனைக்கு அருகில் துளையிட்டார்கள். 24 அங்குலப் பேரலின் கோடியிலிருந்து போல்ட் வரை நீண்ட கம்பி ஒன்று ஓடவேண்டியதாயிற்று. மெதுவாக எரியும் மருந்து போட்ட கனத்த தோட்டாவைச் சுட்டால் அந்தக் கம்பி வளைந்துவிடும். கலாஷ்னிகோவ் துளையைப் பின்னே கொண்டுவந்து, பிஸ்டனைக் கனமாக்கி, பாகங்களுக்கிடையே தாராளமாக இடம் விட்டார். பேரலின் உட்புறத்துக்குக் குரோமியப் பூச்சு. நுட்பமான குறிக்கு அது உதவாது என்பார்கள். துருவுக்கும் தேய்மானத்துக்கும் அதைவிட நல்ல மருந்து இல்லை.

இரண்டாவது, குறு ஓட்டம். பிஸ்டன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். மீதி ஓட்டம் போல்ட்டின் பாடு. சோவியத்தின் எஸ்விடி-40, பெல்ஜியத்தில் தியோதோனே செவ் வடிவமைத்த எஃப்ஏஎல் ஆகியவை இந்த வழி. நம் ஊர்க் காவலர்களும் ஜவான்களும் எஸ்.எல்.ஆர். என்று தோளில் சுமந்த இஷாப்பூர்த் துப்பாக்கி எஃப்ஏஎல்லின் வாரிசு. அதில் வாயுவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. மிச்ச வாயு வெளியே போய்விடும். அழுக்கேறினால் சிப்பாய் அதைச் சற்றுத் திருப்பிக்கொள்வான். வடிவமைப்பாளரின் கணக்கில் பிழையிருந்தாலும் சுடுபவன் திருத்திக்கொள்ளலாம் என்பதால் இந்த மரபின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

மூன்றாவதில் பிஸ்டனுக்குப் பதில் ஒரு குழாய். சுவீடனின் 1942ஆம் ஆண்டு லியூங்மன், பிரான்சின் மாஸ்-49 இரண்டும் அப்படித்தான். யூஜின் ஸ்டோனர் ஒரு படி மேலே போய், போல்ட்டையே பிஸ்டனாக்கி, வாயுவை அதன் உறைக்குள் விரியவிட்டார். எடை குறைந்தது, விசை பேரலின் நேர்கோட்டிலேயே அமைந்தது. கரியும் உள்ளேயே வந்து சேர்ந்தது. வியட்நாமில் ஸ்டோனரின் அமைப்பைக் கொண்ட எம்16 சிக்கியபோது பழி முழுவதும் இந்தக் குழாயின் மேல் விழுந்தது. தோட்டாவின் மருந்தை மாற்றியது, தோட்டா அமரும் சேம்பருக்குக் குரோமியம் பூசாதது, துடைக்கும் பெட்டியே கொடுக்காமல் அனுப்பியது எல்லாம் 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது வெளிவந்தன.

பேரலைக் குட்டையாக்கியபோது வேறு தலைவலி. எம்16இன் 20 அங்குலம் எம்4இல் 14.5 ஆனது, துளையும் பின்னே நகர்ந்தது. அங்கே அழுத்தம் மிக அதிகம். கூடு சேம்பர்ச் சுவரோடு ஒட்டியிருக்கும்போதே போல்ட் அதைப் பிடுங்கப் பார்க்கும். துளையை ஏறக்குறைய 2 அங்குலம் முன்னே தள்ளிய நடுநீள அமைப்பு பின்னாளில் வந்தது. சாமானியமான மாற்றம்தான், ஆனாலும் இழுப்பின் முரட்டுத்தனம் சட்டென அடங்கிவிடுகிறது.

எம்16 பேரலில் குண்டைச் சுழற்றும் உள்புரியும் குண்டைப் பார்த்தே மாறியது. முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று; குளிர்ந்த கனத்த காற்றில் குண்டு தடுமாறியதால் 12. நீண்ட குண்டு வந்த எம்16ஏ2இல் 7.

ஜெர்மானிய ஹெக்லர் அண்டு கோக் ஸ்டோனரின் உடலுக்குள் குறு ஓட்டப் பிஸ்டனைப் பொருத்தி எச்கே416ஐச் செய்தது. நார்வே ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. உள்ளே கரி குறைந்தது, முன்பாரம் கூடியது.